கர்த் கட்டப் போனா கடிக்க வர்ற குதிரையும், முன்னாடி சாயற சேணமும்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து 31 வயசு தம்பி ஒருத்தர் ரொம்ப விவரமா எழுதியிருக்கார், கூடவே நாலு போட்டோ. அடையாளம் தெரியற விஷயத்தை எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். பெங்களூர்ல வேலையில இருந்தப்ப ரெண்டு வருஷம் ஒரு ரைடிங் ஸ்கூல்ல சவாரி கத்துக்கிட்டவர், இப்ப ஊர்ல வீட்ல இருந்தே வேலை பாக்கறார். போன ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில அஞ்சு வயசு மார்வாரி பெட்டைக் குதிரை ஒண்ணு வாங்கினார், சின்ன வயசுல இருந்து இருந்த ஆசையாம். அதுக்கு ஆன்லைன்ல 14,000 ரூபாய்க்கு கான்பூர்ல செஞ்ச 17 இன்ச் லெதர் சேணம் ஒண்ணு, "மீடியம், எல்லா குதிரைக்கும் செட் ஆகும்"னு போட்டிருந்ததை நம்பி வாங்கியிருக்கார்.

முதல் மாசம் பிரச்சனை இல்ல. அப்புறம் சேணத்தோட முன்பக்கம் எலும்பு மேல இடிக்கற மாதிரி தெரிஞ்சதால ஒரு பேடு, பத்தலன்னு அதுமேல இன்னொரு பேடு. இவருக்கு சவாரியில எப்பவும் முன்னாடி கவுந்து விழப் போற மாதிரியே இருக்கு, இறங்கினா இடுப்பு வலி. குதிரை இப்ப கர்த் பட்டையை, அதாவது சேணம் நகராம வயித்தைச் சுத்தி கட்டற பட்டையை, கையில எடுத்தாலே காதை பின்னாடி மடக்கிட்டு கடிக்கத் திரும்புது, ஏறப் போனா விலகிப் போகுது. போன வாரம் கழுவி விடறப்ப தோளுக்கு மேல ரெண்டு பக்கமும் வெள்ளை முடி முளைச்சிருக்கறதைப் பாத்திருக்கார். குதிரையைப் பாத்துக்கற அண்ணன் "இது அடம், இன்னும் ரெண்டு ஓட்டை இழுத்துக் கட்டுங்க"ங்கறார். அப்பா "நாங்கெல்லாம் சாக்கை மடிச்சுப் போட்டே போவோம், இதுக்கு இத்தன கூத்தா"ங்கறார். நண்பர் ஒருத்தர் ட்ரீலெஸ், அதாவது உள்ள கெட்டியான சட்டம் இல்லாத சேணம், வாங்கச் சொல்றார். வித்தவங்க திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. எந்த சேணம் வாங்கறது, காசு திரும்பக் கிடைக்குமா, பேசாம இவளை வித்துட்டு வேற குதிரை பாக்கலாமா, இதுதான் கேள்வி.

தம்பி, முதல்ல ஒண்ணு. இன்னிக்கே அந்த சேணத்தைக் கழட்டி ஓரமா வைங்க. புதுசு என்ன வாங்கறதுங்கறதை அப்புறம் பேசலாம். வெள்ளை முடி வந்திருக்குன்னா அந்த இடத்துல பல வாரமா ரத்த ஓட்டம் தடைபடற அளவுக்கு அழுத்தம் விழுந்து, முடிக்கு நிறம் குடுக்கற செல்லு செத்துப் போச்சுன்னு அர்த்தம், அது பெரும்பாலும் திரும்ப பழைய நிறத்துக்கு வராது. முடி நிறம் மாறி முளைக்கறதுக்கே வாரக்கணக்கு ஆகும், அதனால நீங்க போன வாரம் பாத்தது ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்ச வலியை. உங்க மேல தப்பு சொல்ல இதை எழுதல. நீங்க கவனிச்சதாலதான் லெட்டர் எழுதினீங்க, நிறைய பேரு புண்ணு உடைஞ்சு சீழ் வந்த அப்புறம்தான் எனக்கு போன் பண்றாங்க.

அடம்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். குதிரையோட தோலு ஒரு ஈ உக்காந்தா கூட தெரிஞ்சுக்கிட்டு அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறும், அப்படிப்பட்ட தோலு மேல 80 கிலோவை தப்பான இடத்துல வெச்சா அது என்ன பண்ணும் சொல்லுங்க? வாய் திறந்து சொல்ல முடியாத ஜீவன், காதுலயும் பல்லுலயும்தான் சொல்லும். முதல்ல காதை மடக்கி சொல்லிச்சு, யாரும் கேக்கல, இப்ப கடிக்க வருது, இதையும் கேக்கலன்னா அடுத்து தூக்கிப் போடும். அந்த அண்ணன் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பார், ஆனா பொருந்தாத சேணத்துல கர்த்தை இன்னும் இழுக்க இழுக்க அதே இடத்துல அதே அழுத்தம் இன்னும் ஆழமா போகும்.

அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அதை அலட்சியமா தள்ளாதீங்க. அந்தக் காலத்துல சாக்கு போட்டு ஏறினவங்க பக்கத்து ஊருக்குப் போயிட்டு இறங்கிடுவாங்க, அப்புறம் நம்ம ஊர்ல குதிரை பெரும்பாலும் ஜட்கா இழுத்தது, அந்த பாரம் போறது வேற வழி, முதுகு தசை மேல ஒரு ஆளு உக்காந்து ஒரு மணி நேரம் குலுங்கறது வேற. நீங்க வாரத்துல அஞ்சு நாள், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் போறதா எழுதியிருக்கீங்க. அதுக்கு சாக்கு பத்தாது.

உங்க போட்டோ என்ன சொல்லுது

பக்கவாட்டுல எடுத்த ரெண்டாவது போட்டோவைத்தான் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். சேணத்தோட முன் மேடு, பாமல்னு சொல்வாங்க, அது நல்லா கீழ இறங்கியிருக்கு. பின் மேடு, கேன்டில், தூக்கிட்டு நிக்குது. உக்கார்ற இடத்தோட பள்ளம் நடுவுல இருக்காம முன்னாடி நகர்ந்திருக்கு. இதைப் பாத்தா உங்க இடுப்பு வலிக்கும் குதிரையோட கோபத்துக்கும் ஒரே காரணம்தான்னு புரியுது, சேணத்தோட உள்ள இருக்கிற ட்ரீ, அதாவது மரத்துலயோ ஃபைபர்லயோ செஞ்ச எலும்புக்கூடு, உங்க குதிரைக்கு முன்பக்கம் ரொம்ப அகலம். அகலமான ட்ரீ குறுகலான தோளு மேல ஏறினா ரெண்டு பக்கமும் வழுக்கி கீழ இறங்கிடும், முன்பக்கம் தாழும், நீங்க முன்னாடி சாய்வீங்க, உங்க எடை பூரா விதர்ஸ் மேல போய் உக்காரும். விதர்ஸ்னா பிடரி முடி முடியற இடத்துல தோளுக்கு மேல இருக்கிற மேடு, உள்ள முள்ளெலும்போட நீட்டு முனைகள் இருக்கு, மேல தோலைத் தவிர பெருசா எதுவும் கிடையாது.

மார்வாரிக்கு இந்த மேடு பொதுவாவே நல்லா எடுப்பா இருக்கும், நெஞ்சு அவ்வளவு அகலம் இருக்காது. அதுவும் சந்தைக்கு ராஜஸ்தான்ல இருந்தோ வேற எங்க இருந்தோ லாரியில வந்த குதிரை, வர்றப்பவே இளைச்சுதான் வரும். உங்க மூணாவது போட்டோவுல மேட்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் கை வெச்சா அடங்கற மாதிரி ஒரு குழி தெரியுது பாருங்க, அங்க இருக்க வேண்டிய தசை கரைஞ்சிருக்கு. தொடர்ந்து அழுத்தம் விழுந்தா தசை இப்படித்தான் வத்தும். தசை வத்தினா ட்ரீ இன்னும் லூசாகும், இன்னும் இறங்கும், இன்னும் வத்தும்.

பேடு போட்டீங்க, தப்பில்ல, யாருக்கும் முதல்ல அதுதான் தோணும். அகலமான சேணத்துல கொஞ்ச நாளைக்கு முன்பக்கம் மட்டும் ஷிம்னு சொல்ற தக்கை வெச்சு தூக்கறது கூட உண்டு. ஆனா நீங்க ரெண்டு பேடை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, நடுவுல தூக்கி விடாம, எலும்பு மேல இறுக்கமா நீட்டி விட்டிருக்கீங்க, அது மேட்டை வார் போட்டு கட்டின மாதிரி ஆயிடுச்சு. (எந்த பேடு போட்டாலும் கர்த் கட்டறதுக்கு முன்னாடி அதை சேணத்துக்கு அடியில நடுவுல நீளமா ஓடற கால்வாய்க்குள்ள மேல இழுத்து விட்டு காத்து போற மாதிரி வைக்கணும், இதை ரைடிங் ஸ்கூல்லயே நிறைய பேரு சொல்லித் தர்றதில்ல.) ட்ரீ குறுகலா இருக்கிற சேணத்துக்கு பேடு போடறது இன்னும் மோசம், டைட்டான ஷூவுக்குள்ள கெட்டி சாக்ஸ் போட்ட கதை.

வாங்கறதுக்கு முன்னாடி

பக்கத்துல குதிரை பாக்கற கால்நடை மருத்துவர் ஒருத்தரைக் கூப்பிட்டு முதுகை விரலால அழுத்திப் பாக்கச் சொல்லுங்க, கூடவே பல்லு, குளம்பு, வயிறு. கர்த் கட்டறப்ப கடிக்கறதுக்கு வயித்துல அல்சர் இருந்தாலும் வரும், வெறும் சேணம்தான்னு நானும் போட்டோ பாத்து முடிவு பண்ணிடக் கூடாது. இன்னொண்ணு, சேணம் எப்பவும் ஒரே பக்கமா சரியுதான்னு யோசிச்சுப் பாருங்க. இங்கிலாந்துல இதை ஆராய்ச்சி பண்ணிப் பாத்தப்ப, அப்படி ஒரே பக்கம் சரியற குதிரைங்க பலதுக்கு பின்னங்கால்ல லேசா நொண்டல் இருந்து, அது வெளிய தெரியாம இருந்திருக்கு. அந்த மாதிரி இருந்தா எத்தனை சேணம் மாத்தினாலும் தீராது.

டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் முதுகுல ஏறாதீங்க. அதுக்காக சும்மா கட்டி வைக்கவும் வேணாம். காலையில வாய்க்கா மேட்டுல கையில பிடிச்சு நடத்துங்க, கொஞ்சம் ஏத்த இறக்கம் இருக்கிற பாதையா பாத்து போனீங்கன்னா முதுகு தசைக்கு அதைவிட நல்லது எதுவும் இல்ல. கேரட்டை காட்டி தலையை கீழ, பக்கவாட்டுல வயிறு வரைக்கும் திருப்ப வைங்க. ஆறேழு வாரத்துல அந்தக் குழி கொஞ்சம் நிரம்பறதை உங்க கையாலயே பாப்பீங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, நீங்க இன்னிக்கு அளவு எடுத்து இன்னிக்கு இருக்கிற முதுகுக்கு கச்சிதமா ஒரு சேணம் வாங்கினா அது ஆறு மாசத்துல பொருந்தாது. அஞ்சு வயசுங்கறது குதிரைக்கு முதுகெலும்பு முழுசா வளர்ந்து முடியாத வயசு, முதுகெலும்போட வளர்ச்சிப் பகுதிகள் மூடறதுக்கு அஞ்சரை, ஆறு வயசு கூட ஆகும். அதோட இளைச்சு வந்த குதிரை தீனி சாப்பிட்டு, வேலை செஞ்சு, தசை போட்டு ஒரு அளவு ரெண்டு அளவு கூட அகலமாகும். அதனால நீங்க வாங்கறது மாறப் போற முதுகுக்கு. சண்டைக்குப் போன குதிரை இளைக்கும்ங்கறதை நினைச்சே பிரிட்டிஷ் ராணுவம் 1912 மாடல் சேணத்துல முன்னாடி பின்னாடி இருக்கிற இரும்பு வளைவை கீல் வெச்சு, குதிரையோட உடம்புக்கு ஏத்த மாதிரி தானா விரிஞ்சு சுருங்கற மாதிரி செஞ்சாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடியே புரிஞ்ச விஷயம், இன்னிக்கு ஆன்லைன்ல "எல்லா குதிரைக்கும் செட் ஆகும்"னு விக்கறாங்க. அப்படி ஒரு சேணம் உலகத்துல கிடையாது தம்பி.

முதுகை வரைஞ்சு எடுக்கறது

நம்ம பக்கம் சேணம் ஃபிட்டிங்குக்குன்னே படிச்ச ஆளு கிடைக்கறது கஷ்டம், அதனால முதுகோட வடிவத்தை பேப்பர்ல ஏத்தி கடைக்காரருக்கு அனுப்பறதுதான் நடைமுறையில ஒத்து வரும். ஸ்டேஷனரி கடையில இஞ்சினியரிங் டிராயிங்குக்கு வளையற ஸ்கேல் விப்பாங்க, 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கிறதா வாங்குங்க, கிடைக்கலன்னா வளைச்சா அப்படியே நிக்கற கெட்டி அலுமினியக் கம்பி போதும். குதிரையை சமதளத்துல, நாலு கால்லயும் சமமா நிக்க வெச்சு, தலை நேரா இருக்கும்படி ஒருத்தர் பிடிச்சுக்கணும். தோள்பட்டை எலும்போட பின் ஓரத்தை கையால தடவிக் கண்டுபிடிங்க, அதுக்கு ரெண்டு விரல் பின்னாடி முதல் வளைவு. முதுகு பள்ளமா இருக்கிற இடத்துல ரெண்டாவது. கடைசி விலா எலும்புக்கு மேல மூணாவது. ஒவ்வொண்ணையும் வளைவு கலையாம எடுத்து சார்ட் பேப்பர்ல வரைஞ்சு, இடது வலது எதுன்னு எழுதி, தேதி போடுங்க. தேதி ரொம்ப முக்கியம், மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்து அதே பேப்பர் மேல வெச்சுப் பாத்தா குதிரை எவ்வளவு மாறியிருக்குன்னு கண்ணுக்கே தெரியும்.

கடைசி விலா ஏன்னா, குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்பு, அதுல கடைசி ஒண்ணு எங்க முதுகெலும்போட சேருதோ அதைத் தாண்டி சேணம் போகக் கூடாது. அதுக்குப் பின்னாடி இருக்கிற இடுப்பு முதுகுக்கு கீழ தாங்க விலா கிடையாது. முன்னாடி எல்லை தோள்பட்டை, முன்னங்கால் நீட்டறப்ப அந்த எலும்போட மேல் பகுதி பின்னாடி நகரும், அதுக்கு இடம் விட்டாகணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல கிடைக்கற நீளம்தான் உங்க சொத்து. நீங்க 17 இன்ச்சா 17.5 இன்ச்சான்னு யோசிக்கறது உங்க தொடை நீளத்தைப் பொறுத்தது, ஆனா குதிரை முதுகு அதுக்கு இடம் குடுக்கலன்னா குதிரை சொல்றதுதான் முடிவு.

எடை விஷயமும் இங்கயே சொல்லிடறேன். நீங்க 74 கிலோன்னு எழுதியிருக்கீங்க. குதிரைக்கு நெஞ்சு சுத்தளவு 170 சென்டிமீட்டர், தோள் முனையில இருந்து பின்புற முனை வரைக்கும் 156. சுத்தளவை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 11,880 ஆல வகுத்தா கிலோ கணக்குல தோராய எடை வரும், உங்களுக்கு சுமார் 380 கிலோ. ஏறுற ஆளு, சேணம் எல்லாம் சேர்த்து குதிரை எடையில 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கறது பொதுவா சொல்ற அளவு, 2008ல அமெரிக்காவுல 8 குதிரைங்களை வெச்சு செஞ்ச ஒரு ஆய்வுலயும் 25, 30 சதவீதம் சுமந்தப்ப தசை வலி, இதயத் துடிப்பு எல்லாம் கூடியிருந்துச்சு. உங்களுக்கு அந்த 20 சதவீதம் 76 கிலோ. 8 கிலோ லெதர் சேணம் போட்டா 82 ஆயிடும். குருவி தலையில பனங்காய்னு சொல்ற அளவுக்கு இல்ல, ஆனா 5 கிலோ சிந்தெடிக் சேணம் எடுத்து நீங்களும் ஒரு மூணு கிலோ குறைச்சா சரியான இடத்துக்கு வந்துடுவீங்க. வெஸ்டர்ன் சேணம் கேட்டிருந்தீங்க, அது பாரத்தைப் பரப்பும் உண்மைதான், ஆனா பலது 12 கிலோவுக்கு மேல, இவளுக்கு வேணாம்.

எதை வாங்கலாம், எதை வேணாம்

என் முதல் சிபாரிசு, முன்பக்க கல்லட் பிளேட்டை, அதாவது ட்ரீயோட முன்பக்க அகலத்தை முடிவு பண்ற வளைவுத் தகட்டை, கழட்டி மாத்தற வசதி இருக்கிற சிந்தெடிக் ஜெனரல் பர்பஸ் சேணம். வின்டெக் மாதிரி கம்பெனிங்க இதை கலர் வெச்சு அளவு பிரிச்சு விக்கறாங்க, இன்னிக்கு குறுகலான பிளேட்டு போட்டு ஆரம்பிச்சு குதிரை தசை போட போட அடுத்த அளவுக்கு மாத்திக்கலாம். விலை நீங்க குடுத்ததைவிட நல்லாவே கூட வரும், மறைக்கல. ஆனா ரெண்டு வருஷத்துல மூணு சேணம் வாங்கறதைவிட கம்மி. நம்ம ஊர் வேர்வைக்கும் மழைக்கும் கழுவி காயப் போட்டா போதும், பூஞ்சை பிடிக்காது. செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சாலும் எடுக்கலாம், ஆனா ட்ரீ உடைஞ்சிருக்கான்னு பாத்துட்டு: பாமலை தொடையில முட்டுக் குடுத்து கேன்டிலை உங்க பக்கம் இழுங்க, லேசா வளைஞ்சு குடுத்து திரும்பணும், நறநறன்னு சத்தமோ நடுவுல மடிஞ்ச மாதிரி சுருக்கமோ வந்தா தொடாதீங்க. முன்பக்க ரெண்டு முனையையும் சேர்த்து அமுக்கினா அசையவே கூடாது. கர்த் கட்டற வார்ல தையல், ஓட்டை கிழிசல் பாருங்க, உங்க உசுரு அதுலதான் இருக்கு.

ட்ரீலெஸ் பத்தி உங்க நண்பர் சொன்னது அகலமான, தட்டையான முதுகு குதிரைக்கு, லேசான ஆளுக்கு ஒத்து வரலாம். ட்ரீ இருக்கறதே உங்க எடையை முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற தசை மேல நீளமா பரப்பறதுக்கும், எலும்புக்கு மேல காலி இடம் விடறதுக்கும்தான். அதை எடுத்துட்டா எடுப்பான மேடு இருக்கிற குதிரையில எலும்பு மேலயே இறங்கும், அங்கவடி தொங்கற இடத்துக்கு கீழ அழுத்தம் குவியும். ஏற்கனவே புண்பட்ட இடம், அங்கயே மறுபடி விளையாட வேணாம்.

இப்ப இருக்கிற லெதர் சேணத்தை தூக்கி எறிய வேணாம், ஆனா பேனலுக்குள்ள, அதாவது சேணத்துக்கு அடியில குதிரை முதுகுல படற மெத்தைக்குள்ள, கம்பளியைக் கூட அடைச்சு சரி பண்ணிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கம்பளி அடைக்கறது சின்ன சின்ன மேடு பள்ளத்தை சரி பண்ணும், தப்பான ட்ரீ அகலத்தை சரி பண்ணாது. கல்யாண ஊர்வலத்துக்கு போடற ஜரிகை வெச்ச ஜீனியும் சிலர் தினசரி சவாரிக்கு போடறாங்க, அது அலங்காரத்துக்கு, ஒரு மணி நேர சவாரிக்கு இல்ல.

வந்த சேணத்தை எப்படி பாக்கறது

பேடு இல்லாம வெறும் முதுகுல, கொஞ்சம் முன்னாடி வெச்சு, முடி போற திசையில பின்னாடி தள்ளிட்டே வந்தா ஒரு இடத்துல அதுவா உக்காரும், அதுக்கு மேல முன்னாடி இழுக்காதீங்க. எல்லாரும் அழகுக்காக ரெண்டு இன்ச் முன்னாடி போடறாங்க, தோள்பட்டை மேல. இப்ப பக்கத்துல நின்னு பாருங்க. உக்கார்ற இடத்துல ஒரு கோலிகுண்டை விட்டா அது நடுவுல வந்து நிக்கணும், பாமல் பக்கம் ஓடிச்சுன்னா முன்னாடி தாழ்ந்திருக்கு, கேன்டில் பக்கம் ஓடிச்சுன்னா ட்ரீ குறுகல், முன்பக்கம் மேல தூக்கி நிக்குது, அதுல நீங்க பின்னாடி சாய்ஞ்சு கால் முன்னாடி போய் நாற்காலியில உக்காந்த மாதிரி இருப்பீங்க. கேன்டில் பாமலைவிட ரெண்டு மூணு விரல் உசரமா இருக்கறது சாதாரணம், அதைப் பாத்து பயப்படாதீங்க, பள்ளம் நடுவுல இருக்கான்னுதான் பாக்கணும்.

பாமலுக்கும் மேட்டுக்கும் நடுவுல நீங்க மேல உக்காந்த அப்புறமும் ரெண்டு விரல் போகணும். மேல மட்டும் பாத்து விட்டுடாதீங்க, மேட்டோட பக்கவாட்டுலயும் இடம் வேணும். அடியில ரெண்டு பேனலுக்கும் நடுவுல ஓடற கால்வாய் முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் மூணு விரல் அகலம், பின்னாடி போகப் போக குறுகக் கூடாது. கையை பேனலுக்கு அடியில முன்னாடி இருந்து பின்னாடி மெதுவா நகத்துங்க, அழுத்தம் எங்கயும் ஒரே மாதிரி இருக்கணும். முன்னாடியும் பின்னாடியும் இறுக்கமா இருந்து நடுவுல கை ஃப்ரீயா போச்சுன்னா பாலம் மாதிரி நிக்குது, நாலு முனையிலதான் உங்க எடை இறங்கும், வேணாம். கர்த் வார் நேரா கீழ தொங்கி, முன்னங்காலுக்குப் பின்னாடி கர்த் இயற்கையா விழற இடத்துக்கு வரணும், அது முன்னாடி பின்னாடி கோணலா போச்சுன்னா ஓட ஓட சேணமும் அந்தப் பக்கம் நகரும். உங்க சேணம் முன்னாடி நகர்றதுக்கு ட்ரீயோட சேர்ந்து இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அப்புறம் ஏறி ஓட்டிப் பாத்தே ஆகணும், நின்ன இடத்துல சரியா இருக்கிறது ட்ராட்ல, அதாவது குதிரை துள்ளு நடையில போறப்ப, சரியா இருக்கும்னு இல்ல. ஒருத்தரை பின்னாடி இருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்க, சேணம் நடுவுல நிக்குதா, பின்பக்கம் டப்டப்னு தூக்கி தூக்கி அடிக்குதான்னு தெரியும். அரை மணி ஓட்டினப்புறம் கழட்டினா வேர்வை அச்சு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். நடுவுல சின்னதா காஞ்ச இடம் தெரிஞ்சா அங்க அழுத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கலாம், இல்ல சுத்தமா படாமலும் இருக்கலாம், அதனால அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாம அந்த இடத்தை அன்னிக்கு சாயங்காலமும் மறுநாளும் விரலால அழுத்திப் பாருங்க. சுருங்கறாளா, முதுகை இறக்கறாளா, சூடா இருக்கா. வாங்கறப்பவே "ஒரு வாரம் போட்டுப் பாத்து திருப்பிக் குடுக்கலாமா"ன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, ஒத்துக்காத கடையில வாங்காதீங்க.

கர்த் கட்டறதை ஒரே இழுப்புல பண்ணாதீங்க. லேசா மாட்டி, பத்து அடி நடத்தி, ஒரு ஓட்டை, முன்னங்காலை ஒவ்வொண்ணா முன்னாடி இழுத்து விட்டு தோல் மடிப்பை எடுத்துட்டு, ஏறதுக்கு முன்னாடி கடைசி ஓட்டை. தரையில இருந்து அங்கவடியில தொங்கி ஏறறதை விட்டுடுங்க, ஒவ்வொரு தடவையும் மேட்டை ஒரு பக்கமா முறுக்குது, ஒரு திட்டோ உறுதியான ஸ்டூலோ போட்டு ஏறுங்க. இவளுக்கு இப்ப கர்த் சத்தமே வலியை ஞாபகப்படுத்தும், நல்ல சேணம் வந்தாலும் முதல் சில வாரம் கடிக்க வருவா. அதுக்கு அடிச்சுடாதீங்க.

காசு திரும்ப வருமா

சைஸ் பொருந்தலங்கறதுக்காக மட்டும் கடைக்காரரை குறை உள்ள பொருள்னு சொல்ல முடியாது. ஆனா உங்க கேஸ்ல ரெண்டு விஷயம் இருக்கு, "எல்லா குதிரைக்கும் செட் ஆகும்"னு விளம்பரம், மீடியம்னு போட்டுட்டு உண்மையில அகலமா இருக்கிற ட்ரீ. இது ரெண்டும் நிரூபிக்க முடிஞ்சா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி கேக்க வழி இருக்கு. விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பில், நீங்க பேசின மெசேஜ், வரைஞ்ச முதுகு அளவு, டாக்டர் எழுதிக் குடுக்கற ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து வைங்க. முதல்ல 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிவு பண்ணுங்க, நிறைய விஷயம் அங்கயே பேசி முடிஞ்சிடும். முடியலன்னா நீங்க இருக்கிற மாவட்டத்துலயே ஆணையத்துல போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள, 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல. நான் வக்கீல் இல்ல, என் கிட்ட வர்றவங்க அனுபவத்துல தெரிஞ்சதை சொல்றேன், நேரா ஒரு வக்கீல் கிட்டயும் கேட்டுக்குங்க. இதுக்கு நடுவுல புண்ணோட அவளை ஓட்டினா அது 1960 மிருகவதை தடுப்புச் சட்டத்துல உங்க மேலயே திரும்பும், அதையும் மனசுல வெச்சுக்குங்க.

விக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு ஆண் குதிரையை ரெண்டு மாசம் கால் நொண்டல்னு நினைச்சு மருந்து குடுத்துட்டு இருந்தேன், கால்ல ஒண்ணும் கிடைக்கல, குளம்பையும் பாத்தாச்சு. ஒருநாள் அதுக்கு சேணம் போடறப்ப பக்கத்துல நின்னேன், முதுகு அப்படியே ஒரு இன்ச் கீழ இறங்கிச்சு. சேணத்தை மாத்தி, எட்டு வாரம் ஓய்வு குடுத்து மறுபடி ஓட்டினாங்க, நொண்டல் இல்ல. அதுக்குள்ள அந்தக் குதிரையை "முரட்டுக் குதிரை"ன்னு சொல்லி ரெண்டு பேரு கை மாத்தியிருந்தாங்க. இப்ப நீங்க இவளை வித்தா, வாங்கறவரும் இன்னொரு அகலமான சேணத்தைத்தான் போடுவார். எட்டு வாரம் குடுங்க தம்பி. அதுக்கப்புறமும் டாக்டர் வலி இல்லன்னு சொல்லி, சேணம் பொருந்தி, அப்பவும் ஏற விடலன்னா அப்ப பேசலாம்.

முதுகை வரைஞ்ச மூணு வளைவையும், நேர் பின்னாடி ஸ்டூல் மேல நின்னு தோள் தெரியற மாதிரி எடுத்த ஒரு போட்டோவையும், டாக்டர் ரிப்போர்ட்டையும் அனுப்புங்க, எந்த அளவு பிளேட்டுல ஆரம்பிக்கறதுன்னு பாத்து எழுதறேன்.